வெற்றிலை கொடுத்துக் கேட்டவர்

அவர் பெயர் எனக்கு மறந்துவிடவில்லை. ஊரும் தெரியும், எந்தக் கூத்துச் செட்டில் ஆடினார் என்பதும் தெரியும். ஆனாலும் இதில் அவர் பெயர் வராது. பொம்மைத் தோப்புக்கு வந்துபோனவர்கள் எல்லோரும் அவரைக் கட்டியங்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பொம்மைத் தோப்பு என்று சொன்னது ஊர்க்காரர்கள். தோப்பின் சொந்தக்காரர் 'சிலைப் பூங்கா' என்று பெரிதாகப் போர்டு எழுதி மாட்டியிருந்தார். அதை மதித்து வாசித்தவர் அவர் ஒருவர்தான். பாலமும் மதகுமாகக் கட்டிக் கட்டி ரிட்டயரான எஞ்சினியர். ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படிக்க வேண்டிய வயதில், புவனகிரியைத் தாண்டி வெள்ளாற்றங்கரையில் இருந்த தன் மாந்தோப்பில் சிலை வைக்க ஆரம்பித்தார். வருஷா வருஷம் மாசி மாதத்தில் பத்து நாள் சிற்பிகள் வந்து தங்குவார்கள். மெட்ராஸிலிருந்து நாலைந்து பேர், பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர், கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். கடைசி நாள் தெருக்கூத்து. அறுபதுகளின் நடுவில் நான் அந்தத் தோப்புக்கு மேனேஜராக இருந்தேன். மேனேஜர் என்றால் சிமெண்ட் மூட்டைக்கும் சோற்றுக்கும் மெட்ராஸ்காரர்களின் வெந்நீருக்கும் பொறுப்பு. சொந்த ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். வயது இருபத்தாறு. என்னைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் மட்டும் அந்த வேலைக்கு ரொம்பப் பெரியது.

கட்டியங்காரன் என்றால் கூத்தில் கோமாளி. ராஜா வருகிறார் என்று முன்னால் ஓடிவந்து சொல்வதும் அவன்தான், வந்த ராஜாவைக் கிண்டல் பண்ணுவதும் அவன்தான். நடுநடுவே எதிரில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர்களையும் இழுத்து வைத்துப் பேசுவான். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். மற்ற கட்டியங்காரர்கள் இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி பேசியதை நான் பார்த்திருக்கிறேன். இவர் அப்படி இல்லை. ஆட்டம் நடக்கிற ஊருக்குக் காலையிலேயே வந்துவிடுவார். இடுப்பில் சுருக்குப் பை, அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. யாரைப் பற்றிப் பேச நினைக்கிறாரோ அவரிடம் நேரே போவார். வலது கையில் சுண்ணாம்பு தடவிய ஒரு வெற்றிலையில் பாக்கு வைத்து, இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நீட்டுவார்.

"ஐயாவப் பத்தி ராத்திரி ரெண்டு வார்த்தை சொல்லலாங்களா?"

வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் சரி என்று அர்த்தம். வாங்காவிட்டால் வெற்றிலை பைக்குள் திரும்பிப் போய்விடும். அந்த ஆளைப் பற்றி அவர் வாயில் ஒரு சொல் வராது. என்ன சொல்லப்போகிறார் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்.

முதல் வருஷம் எஞ்சினியரிடமே வெற்றிலையை நீட்டினார். எஞ்சினியர் வாங்கிப் போட்டுக்கொண்டார். ராத்திரி ராஜா வேஷக்காரர் "ஏண்டா நேரமாச்சு?" என்று அதட்டியதும் இவர் சொன்னார்: "ஐயா கட்டுன பாலத்து வழியா வந்தேன் மகாராஜா. பாலம்னா பாலம், அப்படி ஒரு பாலம்! ஆத்துக்கே கூச்சமாப் போச்சு. நமக்கு எதுக்கு இம்மாம் பெரிய பாலம்னு பக்கத்துல ஒதுங்கிப் போவுது!" எஞ்சினியர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. அந்தப் பாலம் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

மெட்ராஸ் சிற்பி ஒருவர் பெரிய கருங்கல்லின் நடுவில் ஓட்டை போட்டு நிறுத்தியிருந்தார். அவரும் வெற்றிலை வாங்கிக்கொண்டார். "இந்த ஓட்டை எதுக்கு சாமின்னு கேட்டேன் மகாராஜா. இது வழியாப் பாத்தா அந்தாண்ட தெரியும்னாரு. கல்லே இல்லன்னா இன்னும் நல்லாத் தெரியுமே சாமின்னேன்!" அடுத்த வருஷம் அந்தச் சிற்பி, தானே கட்டியங்காரரைத் தேடிப் போய் "இந்த வருஷம் என்னைப் பற்றி இல்லையா?" என்று கேட்டார்.

அனுமதி கேட்பது அவருக்கு மேடைக்கு மட்டுமான பழக்கம் இல்லை. பானையில் தண்ணீர் மொள்ளும் முன் "குடிக்கலாங்களா?" என்பார். மர நிழலில் படுத்திருக்கும் நாயைத் தாண்டும்போது "போவலாமா நைனா?" என்பார். சிமெண்ட் யானையின் தந்தத்தில் தன் வேஷச் சட்டையைக் காயப்போடுவதற்கு முன் அதன் காதருகில் போய் ஏதோ கேட்டதை நானே பார்த்தேன். "என்னாங்க சொல்லுச்சு?" என்றேன். "ஈரமா இருந்தா வேணாம்னிச்சு. புழிஞ்சிட்டேன்னு சொன்னேன், சரின்னிச்சு" என்றார். கூத்துக்காரர்கள் அவரைக் கேலி செய்வார்கள். வீட்டில் பெண்சாதியிடம் மூச்சு விடலாமா என்று கேட்டுத்தான் விடுவார் என்று. அவர் அதற்கும் சிரிப்பார்.

புவனகிரி டீக்கடைக்காரர் ஒருவர் வெற்றிலை வாங்க மறுத்துவிட்டார். அவர் கருமித்தனம் ஊரறிந்தது. ஆட்டத்தில் கூட்டம் கத்தியது: "டீக்கடையப் பத்தி சொல்லு! டீக்கடை!" கட்டியங்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "அவுரு வெத்தல வாங்கலீங்க. ஒங்களுக்கு அம்மாம் ஆசைன்னா நீங்க போயி வாங்க வச்சிட்டு வாங்க." கூட்டம் அதற்கும் சிரித்தது. டீக்கடைக்காரர் மறுநாள் செட்டு முழுவதற்கும் காசு வாங்காமல் டீ போட்டுக் கொடுத்தாராம்.

அந்த மரியாதையை நானும் அனுபவித்தேன். இரண்டாம் வருஷம், சிற்பிகள் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கை அரித்தது. மிச்சச் சிமெண்டில் ஒரு கொக்கு செய்து குளத்தோரம் நிறுத்தினேன். எஞ்சினியர் மெட்ராஸ்காரர்களுக்குத் தோப்பைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தபோது கடலூர் டிராயிங் மாஸ்டரும் கூட இருந்தார். அவர் கொக்கைப் பார்த்து, "இது கொக்கா, வாத்தா? கழுத்து எங்கிருந்து வருதுன்னே தெரியலயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செய்தது நான்தான் என்று மாஸ்டருக்குத் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும். சாயங்காலமே எஞ்சினியர் அதை எடுத்து பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் வைக்கச் சொல்லிவிட்டார்.

அந்தக் கொக்கு கட்டியங்காரர் கண்ணிலும் பட்டது. என்னிடம் வெற்றிலை நீட்டினார். "கொக்கப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலாமா தம்பி?" நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெற்றிலை பைக்குள் போயிற்று. அன்றைக்கு மேடையில் தவளை, மீன், நண்டு என்று குளத்தில் இருந்த சகலத்தையும் பற்றிப் பேசினார். கொக்கு மட்டும் வரவில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும்தான் மூன்றாம் வருஷம் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

டிராயிங் மாஸ்டர் ஒவ்வொரு வருஷமும் ஒரே சிலையைத்தான் செய்துகொண்டிருந்தார். உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கும் பெண். சேலை மடிப்பு, வளையல், கால் விரலில் மெட்டி எல்லாம் தத்ரூபமாக வந்திருந்தன. முகம் மட்டும் வரவில்லை. பத்து நாளும் முகத்தைப் பூசுவார், செதுக்குவார், கடைசி நாள் கொத்திவிடுவார். மொழுக்கென்ற தலையோடு அவள் அடுத்த மாசி வரை உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சாந்து குழைத்துக் கொடுக்கும்போது, இது யார் என்று நானாகத்தான் கேட்டேன். மாஸ்டர் கரண்டியைத் துடைத்தபடியே சொன்னார்: "எங்க வீட்டம்மாப்பா. போயி ஏழு வருஷம் ஆச்சு. போட்டோ எடுத்து வச்சுக்கல. எனக்கென்ன, நான் வரையறவன்தானே, எப்ப வேணா வரஞ்சிக்கலாம்னு இருந்துட்டேன். இப்ப மூஞ்சி மறந்துபோச்சு." யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்காது.

அந்த வருஷம் மெட்ராஸ் விருந்தாளிகள் ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று எஞ்சினியர் கூத்தைப் பகலிலேயே வைத்துவிட்டார். நாலு மணிக்கு ஆரம்பித்து விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கூத்துக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. கட்டியங்காரர்கூடச் சொன்னார்: "ராத்திரில எதுர்ல இருட்டா இருக்கும் தம்பி. சிரிப்பு மட்டும் கேக்கும். பகல்ல அத்தினி மூஞ்சியும் தெரியுமே." அன்று வந்துசேரவே மத்தியானம் ஆகிவிட்டதால் அவர் அவசரமாக அரிதாரம் பூச உட்கார்ந்துவிட்டார். அரிதாரம் பூசிய முகத்தோடு ஆட்டத்துக்கு முன்னால் வெளியே நடமாடக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. ஆகவே தகவல் சொல்லவும் வெற்றிலை கொண்டுபோகவும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வருஷம் புதுசா என்னா தம்பி சேதி?"

நான் சொன்னேன். "டிராயிங் மாஸ்டர் இருக்காருல்ல, பொண்டாட்டி சிலை பண்றாரு. மூஞ்சி மறந்துபோச்சாம். வருஷா வருஷம் பூசிப் பூசி ஒடைக்கிறாரு."

அவ்வளவுதான் சொன்னேன். அந்த அம்மாள் இறந்துபோனதைச் சொல்லவில்லை. வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன். இதை மறதி என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தாயிற்று. மறதி இல்லை.

பாதி வெள்ளை பூசிய முகத்தோடு அவர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டு சுருக்குப் பையைத் திறந்தார். "நல்லாத்தான் கீது. ஆனா குடும்ப விசயம். நானே போவணும். போவ முடியல. நீ இதக் குடுத்துக் கேட்டுட்டு வா தம்பி. அவுரு வாயில போட்டாத்தான் எனக்கு வந்து சொல்லணும், கேட்டியா?"

வெற்றிலையை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து முகத்துக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாப்பா. அந்தக் கொக்கு நீ பண்ணதாமே, நேத்துதான் தெரிஞ்சுது. அன்னிக்கு ஏதோ ஒளறிட்டேன். சாயங்காலம் எடுத்தாந்து வையி, கழுத்த சரி பண்ணித் தரேன். மத்தபடி கால் ரெண்டும் நல்லா வந்திருக்கு" என்றார். மன்னிப்புக் கேட்கிறார் என்பது இப்போது புரிகிறது. அப்போது, இன்னொரு தடவை குத்திக்காட்டுகிறார் என்றுதான் காதில் விழுந்தது. வெற்றிலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு "சரி சார்" என்று திரும்பிவிட்டேன்.

பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். கையில் வெற்றிலை. அதைக் கீழே எறிந்திருக்கலாம். ஆனால் வெற்றிலையை எறியக் கூடாது, அது லட்சுமி என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். பொய் சொல்லத் துணிந்தவனுக்கு வெற்றிலையை எறியத் துணிவு வரவில்லை. மடித்து நானே வாயில் போட்டுக்கொண்டேன். கொக்கைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பிறகு கூத்துக்காரர்கள் வேஷம் கட்டும் கொட்டகை வாசலில் நின்று உள்ளே தலையை நீட்டாமல், "போட்டுக்கிட்டாருங்க" என்று சொன்னேன்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மாசி மாதத்து வெயில் மாமரங்களுக்கு இடையே நன்றாக விழுந்தது. மாஸ்டர் முதல் வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ராஜா "ஏண்டா நேரமாச்சு?" என்று கேட்டார். கட்டியங்காரர் கூம்புக் குல்லாயை ஆட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"வழியில ஒரு மாஸ்டரப் பாத்தேன் மகாராஜா. பொண்டாட்டி சிலை பண்றாரு. பொடவை வந்துடுச்சு, வளையல் வந்துடுச்சு, மெட்டிகூட வந்துடுச்சு. மூஞ்சி மட்டும் வரல! ஏன் மாஸ்டர்னா, மறந்துபோச்சுப்பான்றாரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அட ஏன் மாஸ்டர் இத்தினி கஷ்டம்? பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போயி ஒரு தரம் பாத்துட்டு வந்துட வேண்டியதுதானே!"

சிரிப்பு அடங்கவே இல்லை. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மெட்ராஸ்காரர்கள் மாஸ்டரின் முதுகில் தட்டினார்கள். மாஸ்டருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. வெற்றிலையின் சுவடே இல்லாத வாய். மேடையிலிருந்து நாலு முழத்தில், வெயிலில், கட்டியங்காரர் அதைப் பார்த்தார். அடுத்த வரிக்குத் தூக்கிய கை அப்படியே நின்றது. கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தூணோரம் டம்ளர் தட்டோடு நின்ற என்மேல் கண் வந்து நின்றது. நான் வெற்றிலை போடுகிறவன் இல்லை, அவருக்குத் தெரியும். என் உதடு சிவந்திருந்தது.

மாஸ்டர் எழுந்தார். பெண் சிலைக்கு அருகே போய், சிமெண்ட் காயாமலிருக்கப் போடும் ஈரச்சாக்கை எடுத்து அதன் தலைமேல் போர்த்தினார். காற்றில் விழாமல் கயிற்றால் ஒரு சுற்றுக் கட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். விஷயம் தெரிந்த பாண்டிச்சேரிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல, அது பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது.

எஞ்சினியர் மேடைக்கே வந்துவிட்டார். "யாருய்யா உனக்கு இதச் சொன்னது?"

கட்டியங்காரர் என் பக்கம் பார்க்கவில்லை. "யாரும் சொல்லலீங்க. எந்தப்புங்க."

"வெத்தலை குடுத்துக் கேக்கற ஆளாச்சே நீ?"

"கேக்கலீங்க. இன்னிக்குக் கேக்கலீங்க."

செட்டுக்குத் தலைவரான வாத்தியார் அத்தனை பேர் முன்னால் அவர் தலையிலிருந்த குல்லாயைக் கழற்றிக்கொண்டார். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளர்களைப் பொறுக்கப் போய்விட்டேன்.

அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயில் துடைத்துவிட்டு, அவர் அடுப்படிக்கு என்னைத் தேடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"ஒண்ணு கேக்கலாமா தம்பி? அந்த அம்மா தவறிப்போனது ஒனக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும்."

காதுமடலில் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது. "சேதி சொன்னவன் பேர கட்டியங்காரன் வெளிய சொல்லக் கூடாது. ஒன்ன நான் சொல்ல மாட்டேன், பயப்படாத" என்றார். பிறகு மாஸ்டரைப் பிடிக்கப் புவனகிரிக்கு நடந்தே போனாராம். பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாராம், பஸ் நகர்ந்துவிட்டதாம். வண்டிக்காரர் வந்து சொன்னது இது. மாஸ்டர் அதற்குப் பிறகு தோப்புக்கு வரவில்லை. மூன்று மழைக்காலத்தில் சாக்கு மக்கிக் கிழிந்தது. உள்ளே மொழுக்கென்ற தலைதான் இருந்தது. அதன் பக்கமாகப் போகாமல் நான் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தேன்.

பிறகு எஞ்சினியரின் சிபாரிசிலேயே மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவரோடு வேலை பார்த்த ஓவர்சியரின் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமான வருஷம் மார்கழித் திருவாதிரைக்கு மாமனார் குடும்பத்தோடு சிதம்பரம் போயிருந்தேன். சாயங்காலம் தெற்கு வீதியைத் தாண்டி ஒரு திடலில் கூத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதே செட்டு. கட்டியங்காரக் குல்லாய் யாரோ ஒரு சின்னப் பையன் தலையில் இருந்தது. இவர் திரைத்துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தார். கூத்தில் வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் துணியை விரித்துப் பிடித்து மறைப்பார்கள். அந்த வேலை. அரிதாரம் இல்லாததால் அவர் கூட்டத்தில் தாராளமாக நடமாடலாம். என்னைப் பார்த்ததும் வந்துவிட்டார்.

"சௌக்கியமா தம்பி? கல்யாணம் ஆயிடுச்சா? சந்தோஷம்."

சுருக்குப் பையைத் திறந்தார். வலது கையில் வெற்றிலை. இடது கை முழங்கையில்.

"வாத்தியார்கிட்ட மட்டும் சொல்லிக்கலாமா தம்பி? அன்னிக்கு நான் கேட்டனுப்பிச்சேன்னு. ஒம் பேரு வெளிய போவாது. கேக்காம பேசிட்டேன்னுதான் அவுருக்குக் கோவம். கேட்டேன்னு தெரிஞ்சா வேஷத்தத் திருப்பிக் குடுத்துருவாரு."

பத்தடி தள்ளி மாமனார் பொரி வாங்கிக்கொண்டிருந்தார். எஞ்சினியரின் சிநேகிதர். இவர் யார், என்ன கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தார். நீட்டிய வெற்றிலை எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. ஒரு ஆளுக்கு வேஷத்தைத் திருப்பிக் கொடுக்க, நான் செய்ய வேண்டியிருந்தது அதை வாங்கி வாயில் போடுவது ஒன்றுதான்.

"இப்ப எதுக்குங்க பழசெல்லாம்" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. முகம்கூட மாறவில்லை. "சரி தம்பி. வேணாம்னா வேணாம்" என்று வெற்றிலையைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வரட்டுமா?" என்று அதற்கும் கேட்டுக்கொண்டு போய்த் திரையின் ஒரு முனையைப் பிடித்து நின்றார். மாமனார் "யாரு மாப்பிள்ளை?" என்றார். "தெரியலைங்க மாமா, ஆள் மாறிக் கேக்கறாரு" என்றேன்.

மேளம் அடித்தார்கள். திரைக்குப் பின்னால் ராஜா வந்து நின்றது கால் சலங்கையில் தெரிந்தது. கட்டியங்காரர் துணியை மார்புவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். குல்லாய் போட்ட பையன் முன்னால் ஓடிவந்து எதையோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். நாங்கள் உட்காரவில்லை.

இப்போது அவருடைய கதையை அவரைக் கேட்காமல் எழுதியிருக்கிறேன். பெயரையும் எழுதலாமா என்று கேட்க, ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு நான் அவர் ஊருக்கு ஒருநாளும் போனதில்லை. கடலூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான்.